கப்பிக்கு ஒரு கணக்கு, மோலிக்கு ஒரு கணக்கு: நாகமலை அடிவாரத்தில் நடந்த மீன் வரலாறு

இந்த எபிசோடை ஒரு கண்ணாடித் தொட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆறாவது படிக்கும்போது சிம்மக்கல் பக்கம் ஒரு மீன் கடையில கப்பியும் பிளாக் மோலியும் வாங்கினேன். கடைக்கார அண்ணன் ஒரே பையில தண்ணி ஊத்தி, ரெண்டையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார். "ரெண்டும் குட்டி போடுற மீனு தம்பி, சண்டை போடாது, சொந்தக்காரங்க"ன்னார். அவர் சொன்னது அறிவியல்படியும் சரிதான். ரெண்டுமே பொசீலியாங்கிற ஒரே பேரினம். ஆனா ஆணா பெண்ணாங்கிறதை முடிவு பண்ற விஷயத்துல இந்த ரெண்டு சொந்தக்காரங்களும் நேர் எதிர் திசையில நிக்கிறாங்க. அதைக் கணக்குப் போட்டுக் காட்டின ஆய்வுக்கூடம் எங்க வீட்டுல இருந்து தேனி ரோட்டுல பஸ் ஏறினா வந்துடுற தூரத்துலதான் இருந்துச்சுன்னு அப்போ எனக்குத் தெரியாது.

முதல்ல ஒரு சின்ன ரீகேப். மனுஷங்கள்ல பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். குழந்தை ஆணா பெண்ணாங்கிறது அப்பா தர்றதைப் பொறுத்தது. பறவைகள்ல இது தலைகீழ்: சேவலுக்கு ரெண்டு இசட், கோழிக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. அங்கே முடிவு அம்மா கையில. பாலூட்டின்னா எக்ஸ்-ஒய், பறவைன்னா இசட்-டபிள்யூ. ஸ்கூல் புத்தகத்துல படிக்கும்போது இது ஏதோ இயற்கை எழுதி வெச்ச சட்டம் மாதிரி தெரியும். மீன்கள் அந்தச் சட்டத்தைக் கண்டுக்கிறதே இல்லை.

இதுக்கு முன்கதை ஒரு பீர் கம்பெனியில ஆரம்பிக்குது. கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த யோஹானஸ் ஷ்மிட் (விலாங்கு மீன் எங்கே முட்டை போடுதுன்னு அட்லாண்டிக் முழுக்கத் தேடினாரே, அவரேதான்) 1920ல கப்பியில ஒண்ணைக் கவனிச்சார். முதுகுத் துடுப்புல இருக்கிற ஒரு கறுப்புப் புள்ளி அப்பாகிட்ட இருந்து மகனுக்குப் போகுது, அங்க இருந்து பேரனுக்கு. மகள் வழியா மட்டும் போகவே இல்லை. அப்போ அந்தப் புள்ளி ஒய்யிலதான் உட்கார்ந்திருக்கணும். ஒய்யிவ்ட் விங்கே அடுத்த வருஷங்கள்ல இதை உறுதி பண்ணார். அதே காலத்துல ஜப்பான்ல தத்சுவோ ஐடா, வயல் தண்ணியில வாழ்ற மெடாகா மீன்ல இதே மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சார். 1953ல தோக்கியோ யாமமோட்டோ இன்னும் ஒரு படி மேல போனார். மெடாகா குஞ்சுகளுக்கு ஹார்மோன் கலந்த இரை கொடுத்து, குரோமோசோம்படி ஆணா இருக்க வேண்டியதை முட்டை போடுற பெண்ணாவே மாத்திக் காட்டினார்.

இப்போ மதுரைக்கு வருவோம். வர்ற வழியில மண்டபத்துல ஒரு ஸ்டாப்.

1952ல இலங்கையில இருந்து மண்டபத்துக்கு ஒரு ஆப்பிரிக்க மீனைக் கொண்டு வந்தாங்க. மொசாம்பிக் திலாப்பியா. நம்ம ஊர்ல ஜிலேபி மீன், ஜிலேபிக் கெண்டை. பசியும் பஞ்சமும் இருந்த காலம், மலிவா புரதம் வேணும், எந்தக் குட்டையிலயும் வளரும் மீன் வேணும். யோசனை தப்பில்லை. பிரச்சினை என்னன்னா, இந்த மீன் ரெண்டு மூணு மாசத்துலயே இனப்பெருக்கத்துக்குத் தயாராயிடும். தாய் முட்டையை வாயிலயே வெச்சு அடைகாக்கும், அதனால குஞ்சுகள் நிறைய பிழைக்கும். கொஞ்ச நாள்ல குளம் முழுக்க விரல் நீளத்துல நெருக்கியடிக்கிற ஆயிரக்கணக்கான குட்டி மீன்கள். விற்கவும் முடியாது, விடவும் முடியாது. 1959லயே, இதை மேல மேல பரப்பாதீங்கன்னு மீன்வள ஆராய்ச்சிக் குழு சொல்லிடுச்சு. அதுக்குள்ள மீன் கண்மாய் கண்மாயா போய்ச் சேர்ந்திருந்தது.

ஆண் மட்டும் இருந்தா? ஆண் திலாப்பியா வேகமா வளரும், குளத்துல குஞ்சு பெருகாது. அப்போ ஆணை மட்டும் பிறக்க வைக்க முடியுமா? "பாலினக் குரோமோசோம்"ங்கிற அறிவியல் கேள்வி, மீன் வளர்க்கிறவரோட பாக்கெட்டைத் தொடுற இடம் இது.

மலாக்காவுல ஹிக்லிங்னு ஒரு பிரிட்டிஷ்காரர் 1960ல எழுதின கட்டுரையில ஒரு துப்பு இருந்தது. மொசாம்பிக் பெண்ணையும் சான்சிபார்ல இருந்து வந்த இன்னொரு வகை திலாப்பியா ஆணையும் இணைச்சார். பிறந்ததெல்லாம் ஆண். காரணம் பின்னாடிதான் புரிஞ்சது. ஒண்ணு எக்ஸ்-ஒய் மீன், இன்னொண்ணு இசட்-டபிள்யூ மீன். தோற்றத்துல அண்ணன் தம்பி, குரோமோசோம்ல வேற வேற கட்சி.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நாகமலைக்குப் பக்கத்துல இருக்கு, 1966ல தொடங்கினது. அங்கே உயிரியல் புலத்துல இருந்தவர் பேராசிரியர் டி. ஜே. பாண்டியன். பட்நாகர் விருது வாங்கினவர். ஒரு உயிரினம் சாப்பிட்டதுல எவ்வளவு வளர்ச்சிக்குப் போகுது, எவ்வளவு மூச்சுக்குப் போகுதுன்னு ஆற்றல் கணக்குப் போட்டுத்தான் அவர் பேர் வாங்கினார். பிறகுதான் மீன்களோட பாலினம் பக்கம் திரும்பினார். கணக்குப் புத்தியை மட்டும் விடலை.

1989ல வரதராஜும் பாண்டியனும் 'கரன்ட் சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. "சூப்பர் ஆண்" திலாப்பியாவை உருவாக்கின முதல் அறிக்கை. சூப்பர் ஆண்னா சிக்ஸ்-பேக் எல்லாம் இல்லைங்க. ரெண்டு குரோமோசோமும் ஒய்யா இருக்கிற ஆண், அவ்வளவுதான்.

எப்படிப் பண்ணாங்கன்னு பொறுமையா பாருங்க, அழகான வேலை. முதல்ல, குஞ்சுகளுக்கு ஈஸ்ட்ரஜன் வகை ஹார்மோன் கலந்த இரை. அதுல எக்ஸ்-ஒய் குஞ்சுகளும் பெண்ணா வளரும். அந்தப் பெண் போடுற முட்டையில பாதியில எக்ஸ், பாதியில ஒய் இருக்கும். அடுத்து, புற ஊதாக் கதிர்ல மரபணுவைச் செயலிழக்க வெச்ச விந்துவால அந்த முட்டையைத் தூண்டுவாங்க. அப்பாவோட பங்கு "ஸ்டார்ட்" பட்டனை அமுக்குறது மட்டும். அப்புறம் ஒரு அதிர்ச்சி கொடுத்து முட்டை தன்னோட குரோமோசோம்களையே இரட்டிப்பா வெச்சுக்கும்படி பண்ணணும். எக்ஸ் முட்டை எக்ஸ்-எக்ஸ் ஆகும், ஒய் முட்டை ஒய்-ஒய் ஆகும். அந்த ஒய்-ஒய் வளர்ந்து சாதாரணப் பெண்ணோட சேர்ந்தா, பிறக்கிற அத்தனையும் எக்ஸ்-ஒய். எல்லாம் ஆண்.

சரி, ஒரு தொட்டியில நீந்துற மீன் எக்ஸ்-ஒய்யா, ஒய்-ஒய்யான்னு எப்படித் தெரியும்? இன்னைக்குன்னா டிஎன்ஏ டெஸ்ட். அன்னைக்கு அதுக்கான அடையாளக் குறிகள் எதுவும் கைவசம் இல்லை. ஒரே வழி, கல்யாணம் பண்ணி வெச்சு பேரப்பிள்ளைகளை எண்றது. ஒவ்வொரு மீனையும் தனித்தனியா இணைச்சு, குஞ்சுகளை வளர்த்து, ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு எண்ணணும். பாதிக்குப் பாதின்னா சாதாரண ஆண். எல்லாமே ஆண்னா சூப்பர் ஆண். இது மாசக்கணக்கு, சில நேரம் வருஷக்கணக்கு வேலை. மதுரை வெயில்ல தொட்டித் தண்ணியைப் பார்த்துக்கிட்டு, கரண்ட் போனா காற்றுக் குழாய் நின்னுடுமேன்னு பயந்துக்கிட்டு அந்த மீன்களை எண்ணினவங்களை நினைச்சா எனக்கு அந்த 1989 கட்டுரை மேல தனி மரியாதை.

இப்போ நம்ம கப்பி, மோலிக்கு வருவோம். ரெண்டுலயும் ஒரே மாதிரி சோதனை: ஹார்மோன் கொடுத்து, ஆணா பிறக்க வேண்டியதைப் பெண்ணாக்கு. அந்தப் பெண்ணைச் சாதாரண ஆணோட சேர்.

கப்பி எக்ஸ்-ஒய் மீன். அப்போ அம்மாவும் எக்ஸ்-ஒய், அப்பாவும் எக்ஸ்-ஒய். கணக்குப்படி நாலுல ஒண்ணு எக்ஸ்-எக்ஸ், ரெண்டு எக்ஸ்-ஒய், ஒண்ணு ஒய்-ஒய். மூணு ஆணுக்கு ஒரு பெண். 1993ல காவும்புரத்தும் பாண்டியனும் இந்த வழியில இன்னும் தூரம் போய், ஒய்-ஒய் பெண் கப்பியையே உருவாக்கினாங்க. ஒரு எக்ஸ்கூட இல்லாத ஒரு அம்மா! அவளை சூப்பர் ஆணோட சேர்த்தா சூப்பர் ஆண்களாவே பிறக்கும்.

பிளாக் மோலியில ஜார்ஜும் பாண்டியனும் 1995ல வெளியிட்ட முடிவு வேற. இங்கே ஆண் இசட்-இசட். ஹார்மோனால பெண்ணா மாறினதும் இசட்-இசட்தான். ரெண்டையும் சேர்த்தா வேற எழுத்துக்கே வழியில்லை. எல்லாமே ஆண். பெண்ணை உண்டாக்குற டபிள்யூ அந்தக் குடும்பத்துல இல்லவே இல்லை.

ஒரே பேரினம், ஒரே ஆய்வுக்கூடம், ஒரே வகை இரை. ஒண்ணு பாலூட்டி மாதிரி நடக்குது, இன்னொண்ணு கோழி மாதிரி நடக்குது. ஒரு பொது மூதாதைகிட்ட இருந்து பிரிஞ்சு வந்த வழியில எங்கேயோ அமைப்பே கவிழ்ந்திருக்கு.

ஏன் மீன்ல இது இவ்வளவு சுலபமா மாறுது? என்னைப் பொறுத்தவரை, விடை அந்த ஒய்-ஒய் மீன் உயிரோட இருக்கிறதுலயே இருக்கு. மனுஷக் கருவுல எக்ஸ் இல்லைன்னா அது பிழைக்காது. எக்ஸில் 800க்கும் மேல மரபணுக்கள் இருக்கு, உயிர் வாழத் தேவையானவை பல. நம்ம ஒய் ஒரு காலத்துல எக்ஸோட ஜோடிதான். பிறகு ரெண்டும் துண்டுகளை மாத்திக்கிறதை நிறுத்திடுச்சு. மாத்திக்காத குரோமோசோம்ல பழுது சேர்ந்துக்கிட்டே போகும், சரிபண்ண ஜோடி இல்லை. கோடிக்கணக்கான வருஷத்துல அது தேய்ஞ்சு குட்டையாப் போச்சு. ஆனா திலாப்பியாவோட ஒய், எக்ஸ் வேலையையும் பார்க்குது. அதாவது இன்னும் தேயலை, இளசு. எக்ஸும் ஒய்யும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கும்போது ஒண்ணு போய் இன்னொண்ணு வந்தாலும் குடும்பம் குலையாது. புது மரபணு ஒண்ணு வந்து "இனி நான்தான் முடிவு பண்ணுவேன்"னு நாற்காலியில உட்கார முடியும். தேய்ஞ்ச ஒய் வெச்சிருக்கிற நமக்கு அந்த வசதி இல்லை.

கப்பி இதுல நடுவழியில இருக்கிற மாதிரி. ஆணோட கலர் பெண்ணை ஈர்க்க லாபம், ஆனா பெண்ணுக்கு அதே கலர் இருந்தா வேட்டை மீனுக்குத்தான் லாபம். அதனால கலர் மரபணுக்கள் ஒய்யோட ஒட்டிக்கிட்டா நல்லது. ஒட்டிக்கிறதுன்னா மாத்திக்கிறதைக் குறைக்கிறது. தேய்மானத்தோட முதல் படி அதுதான். கப்பியில சில ஒய் வகைகள் ரெட்டையா வந்தா குட்டி பிழைக்காதுன்னு பின்னாடி தெரிய வந்தது, மத்த சில ஒய்கள் பிழைக்கும்.

நாற்காலிச் சண்டைக்கு நல்ல சாட்சி மெடாகா குடும்பம். 2002ல ஜப்பானிய மெடாகாவோட ஆண் மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. நம்மளோட எஸ்ஆர்ஒய்க்கு அடுத்து முதுகெலும்பிகள்ல சிக்கின ரெண்டாவது அது. நெருங்கின உறவான லூசோன் மெடாகாவுல அந்த மரபணு இல்லவே இல்லை, வேற ஒண்ணு உட்கார்ந்திருக்கு. நம்ம நாட்டோட கிழக்குக் கரை உப்பங்கழிகள்ல வாழ்ற ஒரைசியஸ் டான்சேனாவுல சாக்ஸ்-3ங்கிற மரபணு. மனுஷனோட எஸ்ஆர்ஒய் வந்ததும் இதே சாக்ஸ்-3 வழியாத்தான்! மீனும் நாமும் தனித்தனியா, ஒரே பழைய மரபணுவை எடுத்து அதே பதவியில உட்கார வெச்சிருக்கோம்.

மதுரையில வேலை தொடர்ந்தது. 2003ல ரோஸி பார்ப் மீன்ல சூப்பர் ஆணையும், ஒய்யை நேரடியா அடையாளம் காட்டுற டிஎன்ஏ குறிகளையும் கொண்டு வந்தாங்க. பேரப்பிள்ளைகளை எண்ணிக்கிட்டு உட்கார வேண்டியதில்லை. 2004ல இன்னும் விநோதம்: உறைய வெச்சிருந்த செத்த ரோஸி பார்ப்ல இருந்து விந்து எடுத்து, டைகர் பார்ப்போட முட்டையில இருந்த மரபணுவைச் செயலிழக்க வெச்சு, அதுக்குள்ள ரோஸி பார்ப்பையே மறுபடி உருவாக்கினாங்க. அழியப் போற இனத்துக்கு இது எவ்வளவு பெரிய கதவுன்னு யோசிங்க.

குளத்துல யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா, சூப்பர் ஆண் இல்லை. சுவான்சி பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் நைல் திலாப்பியாவுல இதைப் பண்ணைக்கே கொண்டு போனாங்க. ஆனா குஞ்சுகள்ல ஆண்கள் 100 சதவீதம் வரலை, சுமார் 95தான். மத்த குரோமோசோம்கள்ல இருக்கிற மரபணுக்களும் தண்ணியோட வெப்பமும் நடுவுல மூக்கை நுழைக்குது. உலகம் முழுக்கப் பெரும்பாலான பண்ணைகள் குஞ்சுக்கு முதல் மூணு நாலு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த இரை போட்டு முடிச்சுடுது. மலிவு, வேகம். அந்தக் கழிவுத் தண்ணி எங்கே போகுதுங்கிற கேள்விக்குத்தான் சூப்பர் ஆண் சுத்தமான பதிலா இருந்திருக்கும். எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனா ஒய்-ஒய் மீனுக்கு வேற ஒரு வேலை கிடைச்சிருக்கு. அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல, வெளியில இருந்து வந்து ஓடைகளைப் பிடிச்சுக்கிட்ட புரூக் டிரவுட் மீனை ஒழிக்க ஒய்-ஒய் ஆண்களை வளர்த்து ஓடையில விடுறாங்க. அதுக்குப் பிறக்கிறதெல்லாம் ஆண். தலைமுறை தலைமுறையா பெண்கள் குறைஞ்சு, ஒரு கட்டத்துல முட்டை போட ஆளே இருக்காது. விஷம் கலக்காம ஒரு மீனை வெளியேத்துற வழி.

அடுத்த தடவை ஏதாவது கண்மாய்க் கரையில வலை இழுக்கும்போது நின்னு பாருங்க. கெளுத்தி, குரவை, விராலுக்கு நடுவுல எத்தனை ஜிலேபின்னு எண்ணுங்க. அந்த மீனைத் துரத்தத் தேவையான ஒய்-ஒய் ஆண் 1989லயே நாகமலை அடிவாரத்துல நீந்திக்கிட்டிருந்தது.