பேஸ்பால் தொப்பியும் தண்ணீரும்

நம் பிள்ளைகள் விரும்பி அணியும் பேஸ்பால் தொப்பி அமெரிக்க ஆட்டக்களத்தில் பிறந்தது. 1849இல் நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ் குழுவினர் வைக்கோல் தொப்பிதான் அணிந்தனர். 1860 அளவில் புரூக்ளின் எக்செல்சியர்ஸ் குழுவின் துணித்தொப்பிக்கு முன்விளிம்பு வந்தது. பின்னர் நெடுங்காலம் கம்பளிதான். வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கும். விளிம்புக்குள் அட்டை இருந்தால் ஊறிக் குழைந்துவிடும். 1940களில் தொப்பியை விறைப்பாக்க ரப்பர் பால் பயன்பட்டது. பால்மரம் வெட்டிய நம் குடும்பங்களுக்கு அது அந்நியப் பொருளா என்ன! 2007இல் அமெரிக்கப் பெருங்குழுக்கள் பாலியெஸ்டருக்கு மாறின. வெள்ளையாயிருந்த உட்பட்டையும் கறுப்பானது. கறுப்பு நிறம் வியர்வைக் கறையை மறைக்கும், போக்காது. வெயிலில் உழைப்பவரின் தொப்பியைக் கெடுப்பது அந்த உப்புதான். ஆகவே தொப்பியை ஊறவைக்காமல், குளிர்ந்த சோப்பு நீரில் பழைய பல் தூரிகையை நனைத்து உட்பட்டையைத் தேய்த்து அலசுங்கள். கவிழ்த்த கிண்ணத்தின்மேல் நிழலில் உலர்த்துங்கள்.