வயர் மவுஸும் வயர்லெஸ் மவுஸும்

வயர் மவுஸ், யுஎஸ்பி கேபிள் வழியே கணினியிடமிருந்து மின்சாரம் பெற்று, அதே கேபிள் வழியே தன் அசைவுகளையும் அழுத்தங்களையும் கணினிக்குத் தெரிவிக்கும் உள்ளீட்டுக் கருவி. வயர்லெஸ் மவுஸ் இதே வேலையை ரேடியோ அலையில் செய்கிறது. மின்சாரத்துக்குத் தன்னுள் இருக்கும் பேட்டரியை நம்பியிருக்கிறது. வயர்லெஸ் என்றால் மெதுவானது, விளையாட்டுக்கு உதவாது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது சரியான எண்ணம்தான். கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் தனி ரிசீவருடன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இன்றைய கேமிங் மவுஸ்களுக்கு அது பொருந்தாது. புளூடூத்தில் இயங்குபவற்றுக்கு இன்றும் பொருந்தும்.

வரலாறு

டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி 1964இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பில் இங்கிலிஷ் செய்த முதல் மவுஸ், மரப்பெட்டியும் வயரும் கொண்டது. வயரை நீக்கும் முயற்சிகள் இருபது ஆண்டுகள் கழித்தே கடைக்கு வந்தன. 1984இல் மெட்டாஃபர் நிறுவனத்தின் கணினியுடன் வந்த மவுஸ் அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தியது. நடுவில் ஒரு புத்தகம் நின்றாலே இவ்வகைத் தொடர்பு அறுந்துவிடும். 1991இல் லாஜிடெக் ரேடியோ அலைக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

வேகம் மட்டும் வரவில்லை. அப்போதைய மவுஸ்கள் பலவும் இயங்கிய 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்குச் சில டஜன் தகவல்களைத்தான் அனுப்ப முடிந்தது. பேச்சும் பெரும்பாலும் ஒருவழி: அனுப்பிய தகவல் வழியில் தொலைந்தால் மவுஸுக்கு அது தெரியாது, மறுபடி அனுப்பவும் அனுப்பாது. பேட்டரியைக் காக்க மவுஸ் அடிக்கடி உறங்கிவிடும். தொட்டபின் விழித்தெழ ஒரு கணம் எடுக்கும். கேம் ஆடுபவர்களின் வெறுப்பு இங்கேதான் பிறந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் சில்லுகள் மலிவானதும் இந்நிலை மாறியது. 2016இல் வந்த லாஜிடெக் ஜி900 வயருக்கு இணையான வேகத்தைக் காட்டியது. 2018இல் 80 கிராம் எடையில் ஜி ப்ரோ வயர்லெஸும், 2020இல் 63 கிராமுக்கும் குறைவான சூப்பர்லைட்டும் வந்தபின், தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் வயரைக் கைவிட்டனர்.

தாமதம் எங்கிருந்து வருகிறது

ரேடியோ அலை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் செல்லும் நேரம் கணக்கில் கொள்ளத் தக்கதே அல்ல. தாமதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினியிடம் பேசுகிறது என்பதுதான். இதைப் போலிங் ரேட் என்கிறார்கள்; ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள். சாதாரண அலுவலக மவுஸ் 125 முறை பேசும்; அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ் 1000 முறை, 1 மில்லிநொடிக்கு ஒருமுறை. சில புதிய மவுஸ்கள் 8000 முறை வரை போகின்றன.

ஆகவே வயர் இருப்பதாலேயே ஒரு மவுஸ் வேகமாகிவிடாது. 125 ஹெர்ட்ஸில் இயங்கும் மலிவான வயர் மவுஸைவிட, 1000 ஹெர்ட்ஸில் இயங்கும் நல்ல வயர்லெஸ் மவுஸ் விரைவானது. புளூடூத் விஷயம் வேறு. குறைந்த ஆற்றல் புளூடூத்தில் இரு தொடர்புகளுக்கு இடையே வழக்கமான விதிப்படி குறைந்தது 7.5 மில்லிநொடி இடைவெளி உண்டு; பேட்டரியைச் சேமிக்க அதைவிட அதிகமாகவும் வைப்பார்கள். கடிதம் தட்டச்சு செய்பவர் அதை உணரமாட்டார். கவுண்டர்-ஸ்ட்ரைக், வேலரன்ட் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளை ஆடுபவர் உறுதியாக உணர்வார். புளூடூத், ரிசீவர் இரண்டும் உள்ள மவுஸ் என்றால், விளையாடும்போது ரிசீவரையே பயன்படுத்த வேண்டும்.

8000 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் தருவது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக 16.7 மில்லிநொடி எடுக்கிறது; 144 ஹெர்ட்ஸ் திரைக்குக்கூட ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகும். 1 மில்லிநொடி மவுஸிலிருந்து 0.125 மில்லிநொடி மவுஸுக்குத் தாவுவதைவிட, அந்தப் பணத்தில் நல்ல திரை வாங்குவது ஆட்டத்துக்கு உதவும்.

ரேடியோ நெரிசல்

வயர்லெஸ் மவுஸ் மீது வரும் புகார்கள் பலவற்றுக்கு உண்மையான காரணம் இந்த நெரிசல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் சேர்ந்தே இயங்குகின்றன. அவற்றையும்விடத் தொல்லை தருவது கணினியின் சொந்த யுஎஸ்பி 3.0 துளை. அதிவேகமாகத் தகவல் ஓடும்போது அந்தத் துளையும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கின் கேபிளும் இதே பட்டையில் இரைச்சலைக் கக்குகின்றன. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஓர் ஆவணத்தில் இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது.

விளைவு இப்படி இருக்கும்: பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் திரையில் அம்புக்குறி விட்டுவிட்டு நகரும், அழுத்தியது பதியாது. மவுஸ் கெட்டுவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. மவுஸ் மேல் பிழையே இல்லை. ரிசீவரை மேசைக்கடியில் இருக்கும் கணினியின் பின்புறம் செருகாமல், ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மவுஸ் பேடுக்கு அருகில், இருபது முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் போதும். கேமிங் மவுஸ் பெட்டியில் அந்தக் கேபிளும் பெரும்பாலும் இருக்கும். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். நீட்டிப்புக் கேபிள் இல்லையென்றால் ஹார்டு டிஸ்க்குக்கு அடுத்த துளையையாவது தவிர்க்க வேண்டும்.

வயர் மவுஸுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஒரே அறையில் முப்பது கணினிகள் இருக்கும் பள்ளி ஆய்வகத்துக்கு அது பெரிய அனுகூலம்.

எடையும் இழுவையும்

கேபிள் மேசை விளிம்பில் உரசும், திரையின் அடியில் சிக்கும், கையைப் பின்னுக்கு இழுக்கும். சென்சிட்டிவிட்டியை, அதாவது கையசைவுக்கு அம்புக்குறி நகரும் அளவை, குறைவாக வைத்து, முழங்கையிலிருந்து கையை வீசிக் குறிபார்க்கும் துப்பாக்கி விளையாட்டுக்காரர்களுக்கு இந்த இழுவை ஒவ்வொரு வீச்சிலும் தெரியும். அதற்காகத்தான் கேபிளைத் தூக்கிப் பிடிக்கும் பஞ்சி என்ற தாங்கியும், நெய்த நூலுறை போட்ட பாராகார்டு கேபிளும் வந்தன. டோட்டா போன்ற உத்தி ஆட்டங்களில் இது அவ்வளவு முக்கியமில்லை.

மறுபுறம், வயர்லெஸ் மவுஸ் தன் பேட்டரியைச் சுமக்க வேண்டும். ஒரு ஏஏ ஆல்கலைன் பேட்டரி மட்டும் 23 கிராம் அளவுக்கு இருக்கும். விலை குறைந்த கேமிங் வயர்லெஸ் மவுஸான லாஜிடெக் ஜி304, பேட்டரியுடன் 99 கிராம். அதே நிறுவனத்தின் வயர் மவுஸ் ஜி102, 85 கிராம். இலேசான வயர்லெஸ் வேண்டுமென்றால் உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த வகைகளுக்குப் போக வேண்டும்.

பேட்டரி

ஜி304 ஒரு ஏஏ பேட்டரியில் 250 மணி நேரம் ஓடும் என்கிறது தயாரிப்பாளர். அலுவலக மவுஸ்கள் ஓராண்டுகூட ஓடும். வேகம் கூடினால் இந்தக் கணக்கு சரிகிறது: 54 கிராம் எடையுள்ள ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 1000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரமும், 8000 ஹெர்ட்ஸில் 17 மணி நேரமும் ஓடுவதாக ரேசர் குறிப்பிடுகிறது. இப்படிச் சார்ஜ் ஏற்றும் மவுஸ்களில் சார்ஜ் இறங்கினாலும் பெரும்பாலும் கேபிளைச் செருகி வேலையைத் தொடரலாம். ஆப்பிளின் மேஜிக் மவுஸ் இதில் விலக்கு. சார்ஜ் துளை அடிப்பக்கத்தில் இருப்பதால் சார்ஜ் ஏறும்போது அதைப் பயன்படுத்த முடியாது.

பாதுகாப்பு, அன்றாடப் பயன்பாடு

2016இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்ற குறைபாட்டை வெளியிட்டது. பல நிறுவனங்களின் புளூடூத் அல்லாத ரிசீவர்கள், மவுஸ் அனுப்பும் தகவல் என்ற பெயரில் வெளியாள் அனுப்பும் விசைப்பலகை எழுத்துகளையும் ஏற்றுக்கொண்டன. கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துச் சிலவற்றைச் சரிசெய்ய முடிந்தது, சிலவற்றை முடியவில்லை. வங்கி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் வயர் மவுஸை வலியுறுத்துவதற்கு இது போதிய காரணம்.

மடிக்கணினியோடு பயணம் செய்பவருக்கும், தொலைக்காட்சியில் கணினியை இணைத்துப் படம் பார்ப்பவருக்கும் வயர்லெஸ்தான் வசதி. அதிலும் புளூடூத் வகை யுஎஸ்பி துளையை மிச்சப்படுத்தும், ரிசீவர் தொலையும் பயமும் இல்லை. ரிசீவர் தொலைந்தால் பல மவுஸ்கள் பயனற்றுப் போகும். லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் போன்ற சில வகைகளுக்குப் புது ரிசீவர் வாங்கி இணைக்கலாம். ஆனால் விண்டோஸ் ஏறுவதற்கு முந்தைய பயோஸ் திரையில் புளூடூத் மவுஸ் பெரும்பாலும் வேலை செய்யாது. கணினி பழுதுபார்ப்பவர்கள் பையில் எப்போதும் ஒரு வயர் மவுஸ் இருக்க வேண்டியது இதனால்தான்.

ஆயுள்

இடது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதியும் நோய் இரு வகைக்கும் பொது. அது சுவிட்ச் தேய்வதால் வருவது. வயர் மவுஸில் கேபிள் உடலுக்குள் நுழையும் கழுத்துப் பகுதி முதலில் அறும். சாலிடரிங் தெரிந்தவர் அதை வெட்டி மறுபடி இணைத்துவிடலாம். ஏஏ பேட்டரி மவுஸில் பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்தது. சிக்கல் உள்ளே அடைத்த லித்தியம் பேட்டரியில்தான்: சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும், மாற்றுவதற்கு மவுஸின் அடிப்பக்க வழுக்குப் பட்டைகளைப் பிய்த்து உடலைத் திறக்க வேண்டும். கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி விதி, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது.