காசி: கரையும் கல்லும்

தென்கிழக்காக ஓடி வங்கக் கடலைச் சேரும் கங்கை, காசி, பனாரஸ் என்றும் வழங்கும் வாரணாசியை நெருங்கும்போது வளைந்து வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்த வளைவின் மேற்குக் கரை, சுண்ணாம்புக் கற்கள் கலந்த கெட்டியான களிமண் மேடு. எதிர்க்கரையோ மழைக்காலத்தில் மூழ்கிவிடும் மணல்வெளி. ஆறுகள் அடிக்கடி தடம் மாறும் கங்கைச் சமவெளியில் இப்படி அசையாமல் நிற்கும் கரை அரிது. இந்த மேடு இல்லையென்றால் காசி என்ற நகரமே இங்கு நிலைத்திருக்காது. ஆற்றுக்கு அப்பால் சூரியன் உதிப்பதால் நகரமே கிழக்கு முகமாக அமைந்துவிட்டது. தெற்கே அசி, வடக்கே வருணை என்னும் இரு சிற்றாறுகளுக்கு நடுவே, பிறைபோல் வளைந்த கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் உள்ளன.

காசிக்குப் போகிறவர்கள் படித்துறைகளையும் கோயில்களையும் பார்த்து அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானவை என்று எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில், இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ எழுந்தவை. மிகப் பழமையானது இங்கே மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் வாழ்க்கைதான். கல் பலமுறை விழுந்தது. குடியிருப்பும் நீராடலும் வழிபாடும் கரையை விட்டுப் போகவில்லை.

பழைய நகரத்தின் சுவடுகள் இன்றைய கூட்டத்திலிருந்து விலகி, வடக்கே வருணை கங்கையில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ராஜ்காட் மேட்டில் கிடைத்தன. 1940இல் ரயில்வே பணிக்காக மண்ணை வெட்டியபோது பழம்பொருள்கள் வெளிப்பட்டன. 1957 முதல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் அங்கே முறையாக அகழாய்வு நடத்தியது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு அளவிலேயே அங்கு மக்கள் குடியிருந்ததும், வெள்ளத்தைத் தடுக்கக் களிமண்ணால் பெரிய கரை எழுப்பியதும் தெரியவந்தன. பண்டைய இந்தியாவின் மகாஜனபதங்கள் எனப்பட்ட பதினாறு பெருநாடுகளில் காசியும் ஒன்று. ஆனால் அரசியல் வலிமையில் அது நீண்டநாள் நிற்கவில்லை. முதலில் கோசலமும் பிறகு மகதமும் அதை விழுங்கின. ஆட்சி போனாலும் வணிகம் போகவில்லை. காசித் துணியின் மென்மையைப் பாலி நூல்கள் திரும்பத் திரும்பப் புகழ்கின்றன.

நகருக்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள சாரநாத்தில் புத்தர் தம் முதல் உரையை ஐந்து சீடர்களுக்கு நிகழ்த்தினார். சமணர்களின் 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதர் பிறந்ததும் காசியில்தான் என்பது சமண மரபு. ஆகவே இது சைவர்களின் ஊர் மட்டுமன்று. அசோகர் சாரநாத்தில் நிறுத்திய தூணின் சிங்க முகடு 1905ஆம் ஆண்டளவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. குடியரசு இந்தியாவின் சின்னமாக விளங்கும் அந்த நான்கு சிங்கங்களை அங்குள்ள அருங்காட்சியகத்தில் அருகில் நின்று பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் கல்லின் மெருகு மங்கவில்லை. சாரநாத்தின் பெரிய தூபி ஒன்றுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1794இல் காசி அரசரின் திவான் ஜகத் சிங், ஒரு கடைத்தெரு கட்டச் செங்கல் வேண்டி தர்மராஜிகா தூபியை இடித்தார். உள்ளே பேழையில் கிடைத்த எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. காசி தன் பழமையை உரிய மதிப்புத் தெரியாமல் இழந்த நிகழ்ச்சிகளில் இது மிகவும் வருத்தத்துக்குரியது.

11, 12ஆம் நூற்றாண்டுகளில் காகடவால மன்னர்கள் காலத்தில் காசி மீண்டும் தலைநகர் ஆயிற்று. மன்னர் கோவிந்தசந்திரரின் அரசி குமாரதேவி சாரநாத்தில் பௌத்த விகாரை எழுப்பினார். 1194இல் ஜயசந்திரர் முகமது கோரியின் படையிடம் தோற்றபின் நகரம் சூறையாடப்பட்டது. அதற்குப்பின் நகரத்தின் மையம் ராஜ்காட்டை விட்டு மெல்லத் தெற்கே நகர்ந்தது. பழைய கோயில்களில் ஓரளவு முழுமையாக எஞ்சியிருப்பதைக் காண நகரை விட்டு வெளியே போக வேண்டும். காசியைச் சுற்றி வரும் பஞ்சகோசி யாத்திரையின் முதல் தங்கலான கந்தவாவில், குளக்கரையில் நிற்கும் கர்தமேசுவரர் கோயில் அத்தகையது. பெரும்பாலான பயணிகள் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஆட்சி நிலையற்றிருந்த பிற்கால நூற்றாண்டுகளில்தான் காசியின் குரல்கள் ஓங்கின. 15ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடும்பத்தில் வளர்ந்த கபீரும், தோல் தொழில் செய்த ரவிதாசரும் இங்கே வாழ்ந்து பாடினார்கள். அவதி மொழியில் இராமகாதை பாடிய துளசிதாசர், அசித் துறையை அடுத்து வாழ்ந்து 1623இல் மறைந்தார். சமஸ்கிருதப் பண்டிதர்களின் கோட்டையாக இருந்த ஊரில் இம்மூவரும் மக்கள் மொழியில் பாடியது சிறிய செயல் அன்று.

விசுவநாதர் கோயிலின் வரலாறு இடிப்பதும் கட்டுவதுமாகவே நகர்ந்தது. அக்பர் காலத்தில், 1585ஆம் ஆண்டளவில், பண்டிதர் நாராயண பட்டரின் முயற்சியாலும் அமைச்சர் தோடர்மாலின் ஆதரவாலும் பெரிய கோயில் எழுந்தது. 1669இல் ஔரங்கசீப்பின் ஆணைப்படி அது இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஞானவாபி மசூதி அமைந்தது. அதன் பின்சுவரில் பழைய கோயிலின் பகுதி இன்றும் தெரிகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1780ஐ ஒட்டி, இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் பக்கத்திலேயே இன்றைய கோயிலைக் கட்டினார். அதன் கோபுரத்துக்குப் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் 1830களில் பொன் வேய்ந்தார்.

அகல்யாபாய் தனித்து நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மராட்டியப் பேஷ்வாக்களும் சிந்தியா, போன்ஸ்லே, ஹோல்கர் குடும்பங்களும் போட்டி போட்டுக்கொண்டு கரையைக் கல்லால் கட்டின. தென்மேற்கே ஆற்றோரம் உள்ள சுனார் குன்றுகளின் மணற்கல்தான் அதற்கு ஆதாரம். அசோகர் தூணும் அதே கல். மண் கரையாக இருந்த துறைகள் அடுக்கடுக்கான படிகளாயின. ஆனால் மேடு எவ்வளவு கெட்டியானாலும் ஆற்றோரத்தில் அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்காது. 19ஆம் நூற்றாண்டில் சிந்தியா துறை தன் எடையாலேயே சரிந்தது. மணிகர்ணிகைத் துறைக்கும் அதற்கும் இடையே, நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் ரத்னேசுவரர் கோயில் பின்புறமாகச் சாய்ந்தே நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் கருவறைக்குள் கங்கை புகுந்து வண்டலை நிரப்பிவிட்டுப் போகும்.

மணிகர்ணிகையும் அரிச்சந்திரத் துறையும் சுடலைகள். பிற ஊர்களில் ஊருக்கு வெளியே தள்ளப்படும் சுடுகாடு இங்கே நகரத்தின் நடுவில், நீராடும் படிகளுக்கு அடுத்தே இருக்கிறது. காசியில் இறந்தால் வீடுபேறு என்ற நம்பிக்கை முதியவர்களைத் தொலைதூரத்திலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சிதைக்கு நெருப்புத் தருகிறவர்கள் டோம் சமூகத்தினர். இந்த ஊரின் புனிதம் அவர்களின் உழைப்பில் நிற்கிறது. சமூகத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ நெடுங்காலம் கடைசி இடம்தான்.

கோயில்களைப் போலவே காசியை வாழவைத்தது நெசவு. மதன்புரா, அலைபுரா பகுதிகளின் குறுகிய சந்துகளில் பெரும்பாலும் முஸ்லிம் நெசவாளர்களான அன்சாரிகள் சரிகைப் பட்டு நெய்கிறார்கள். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித்தனிச் சிறு நூற்கண்டுகளைக் கையால் செலுத்துவது ‘கடுவா’ முறை. பூ முடியும் இடத்தில் நூல் திரும்பிவிடுவதால் சேலையின் பின்புறத்தில் தொங்கும் இழைகளே இருக்காது. ஒரு சேலை முடியப் பல வாரங்கள், வேலைப்பாடு மிகுந்தால் மாதங்களும் ஆகும். முன்பு நக்ஷபந்த் எனப்பட்ட கலைஞர்கள் வடிவத்தை நூலாலேயே கட்டித் தறியில் ஏற்றினார்கள். பின்னர் ஜக்கார்டு அட்டைகள் அவ்வேலையை எடுத்துக்கொண்டன. பனாரஸ் பட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிப் போலிகளின் விலையோடு கைத்தறியால் போட்டியிட முடியவில்லை.

இசையிலும் இந்த ஊருக்குத் தனி வழி உண்டு. ராம் சகாய் வகுத்த பனாரஸ் தபலா மரபு, தும்ரிப் பாடல்கள், கிரிஜா தேவியின் குரல் எல்லாம் இந்தச் சந்துகளில் வளர்ந்தவை. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் சிறுவயது முதல் கங்கைக் கரையின் பாலாஜி கோயிலில் சாதகம் செய்தவர். 2001இல் பாரத ரத்னா பெற்றார். எதிர்க்கரையில் காசி அரசரின் ராம்நகர் கோட்டை உள்ளது. அங்கே ஏறக்குறைய ஒரு மாதம் ராம்லீலை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது, மின்விளக்கு கிடையாது. காட்சி மாற மாற மக்களே அயோத்தி, சனகபுரி, இலங்கை என ஊரின் பல பகுதிகளுக்கு நடந்து போகிறார்கள்.

தென்னாட்டிலிருந்து காசிக்கு வந்தவர்கள் நீராடித் திரும்பியதோடு நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் கேதாரத் துறையில் மடம் நிறுவினார். சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய அங்குள்ள கேதாரேசுவரர் கோயிலின் நிர்வாகம் திருப்பனந்தாள் காசி மடத்தைச் சேர்ந்தது. நகரத்தார் சத்திரத்திலிருந்து நாள்தோறும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் ஊர்வலமாகப் போகின்றன. தந்தையை இழந்த இளம் பாரதி, அத்தையின் வீட்டில் அனுமன் துறையருகே தங்கிப் படித்ததும் இங்கேதான்.

கல்வியில் பழைய வழியும் புதிய வழியும் அடுத்தடுத்தே வளர்ந்தன. 1791இல் ஜோனதன் டங்கன் சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கினார். 1898இல் அன்னி பெசன்ட் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார்; மதன் மோகன் மாளவியா 1916இல் உருவாக்கிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே கருவாயிற்று. பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பாரத கலா பவன் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பெயர்பெற்றது. ராஜ்காட்டில் கிடைத்த பொருள்களையும் அங்கே காணலாம்.

2021 டிசம்பரில் விசுவநாதர் கோயிலுக்கும் கங்கைக்கும் இடையே ஏறத்தாழ 5 லட்சம் சதுர அடி வளாகம் திறக்கப்பட்டது. அதற்காக நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. கூட்ட நெரிசலில் தவித்த பக்தர்களுக்கு அது பெரிய ஆறுதல். சந்துகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்குப் பெரிய இழப்பு. இடிக்கும்போது வீடுகளுக்குள் சமையலறைச் சுவராகவும் படுக்கையறைத் தூணாகவும் மறைந்திருந்த சிறு கோயில்கள் பல வெளிப்பட்டன. அவற்றில் பல இப்போது வளாகத்திலேயே செப்பனிட்டு நிறுத்தப்பட்டுள்ளன.