சொல்லின் வேகம்

1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய இருப்புப்பாதை, தெமோதரையில் வட்டமிட்டு, நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழைகிறது. மலையின் சரிவைத் தணிக்கக் கண்ட உபாயம் அது.

வாசிக்கும் உரைக்கும் அத்தகைய உபாயம் ஒன்று 1950இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. டெலிபிராம்ப்டர் என்னும் அப்பொறியில், உரை எழுதிய தாட்சுருளை மோட்டார் நகர்த்திற்று. பேசுவோரின் குரலைப் பின்பற்றி ஒருவர் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தார். இன்று கணினி மென்பொருள் எழுத்தை நகர்த்துகிறது. வேகம் மிகுந்தால் வாசிப்பவர் எழுத்தைத் துரத்துவார். கேட்பவர் பொருளை இழப்பார்.

2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அத்தகைய மலைகளில் வாழ்வோருக்கு எச்சரிக்கை வாசிக்கையில், ஊர்ப்பெயர் ஒன்று விழுங்கப்பட்டாலும் உயிருக்கே இடர். ஆதலால் பொறி எதுவாயினும், வேகத்தின் கடிவாளம் கேட்போரின் செவியிடமே இருத்தல் வேண்டும்.