தேவாங்குக்குக் கிடைத்த காடு



சின்ன வயசில் என்னை "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று அம்மாச்சி திட்டும். ஒல்லி உடம்பு, பெரிய கண். அந்தப் பிராணி நம்ம அய்யலூர், வடமதுரைப் பக்கத்துக் காட்டில்தான் இருக்கிறது என்பது எனக்குக் கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரியும்.

தேவாங்கு பகலெல்லாம் மரத்தில் சுருண்டு தூங்கும். ராத்திரி கிளைக்குக் கிளை மெதுவாகப் போய்ப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கிற பூச்சியையும் தின்பதால் அது விவசாயிக்குக் கூலி வாங்காத ஆள். ஆனாலும் முன்னே மருந்துக்கு என்றும், மாந்திரீகத்துக்கு என்றும் அதைப் பிடித்தார்கள். 1972-ஆம் வருஷ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் ஜெயில்தான்.

2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம் இதுதான். பரப்பு 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்தில் கடவூர் தாலுகாவும், நம்ம மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களும் இதில் வருகின்றன.

சந்தோஷம்தான். ஆனால் சரணாலய எல்லை தேவாங்குக்குத் தெரியுமா? தோட்டத்து வேலி, புதர், புளியமரம் என்று அது வெளியேயும் வரும். நாம் கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால் அதுக்குப் பாதை போச்சு. தரையில் இறங்கி ரோட்டைக் கடந்தால் வண்டியில் அடிபட்டுச் சாகும்.

இன்னொரு பக்கம், விறகுக்கும் ஆடு மேய்க்கவும் போகிறவர்கள் நாம். நம்மைக் கேட்காமல் திட்டம் போட்டால் கஷ்டப்படுவதும் நாம்தான்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. 2002-ஆம் வருஷ பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன பிராணி, யார் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2004-இல் வந்த விதிகள், அந்தக் குழுவுக்கு நியமிக்கிறவர்களில் மூணில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கணும் என்றே சொல்லின.

அக்கா தங்கச்சிகளே, கடன், சேமிப்பு என்று நோட்டு எழுதிப் பழகிய கை நம்முடையது. அடுத்த கிராமசபையில் எழுந்து, "அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்க? பதிவேட்டைக் காட்டுங்க" என்று கேட்போம். எந்த வேலியில் தேவாங்கு இருக்கு, எந்தப் பாதையில் நாம் விறகுக்குப் போகிறோம், ரெண்டையும் அதில் எழுத வைப்போம்.