நீலத்தை நம்பிய காலம்

சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாகத் தென்தில்லியில் எழுந்த லக்ஷ்மிபாய் நகருக்கு உத்தியோக நிமித்தம் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, 1954-இல் தலைநகரில் ஆரம்பமான அரசு ஊழியர் சுகாதாரத் திட்டமும், சமீபத்திலேயே இருந்த சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், 1956-இல் ஸ்தாபிதமான அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் வைத்திய விஷயத்தில் பெரும் பாக்கியமாக அமைந்தன. ஆயினும் நீரிழிவுக்காரருக்கு அன்றாடத் துணையாக இருந்தது ஒரு சோதனைக் குழாயே.

ஐந்து மில்லிலிட்டர் பெனடிக்ட் திரவத்தில் எட்டுத் துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்து, நிறம் பச்சையா, மஞ்சளா, செங்கல் சிவப்பா என்று பார்ப்பதும், நீலம் மாறாதிருந்தால் மனம் நிம்மதியடைவதும் அக்கால வழக்கம். அந்த நிம்மதியில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்குமாதலால், 140 உள்ளவருக்கும் 50-க்குச் சரிந்துவிட்டவருக்கும் குழாய் ஒரே நீலத்தைத்தான் காட்டியது.

1950-களின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த டோல்புடமைட், குளோர்புரோபமைட் போன்ற மாத்திரைகள், உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. பின்னதன் வேகமோ ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பது. சிறுநீரகம் தளர்ந்த முதியவர் அதை விழுங்கிவிட்டுச் சஷ்டி விரதமிருந்தால், வியர்வையும் நடுக்கமும் சித்தப் பிரமையும் தோன்றி, பிரக்ஞை தப்பவும் கூடும். அதைப் பக்தி மயக்கமென்றோ பட்டினிக் களைப்பென்றோ வீட்டார் எண்ணிவிட்டால், கைகொடுக்க வேண்டிய நேரம் வீணாயிற்று. தனியே உட்கொள்ளும்போது இத்தகைய வீழ்ச்சியை அபூர்வமாகவே உண்டாக்கும் மெட்ஃபார்மின் 1957-லேயே பிரான்சில் சிகிச்சைக்கு வந்துவிட்டது.

விரல் நுனியின் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு அளவு சொல்லும் கருவி 1970-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அது நம் வீடுகளின் அலமாரிக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஏற்றத்தைப் போலவே இறக்கத்தையும் காட்டும் கண் அப்போதுதான் நோயாளிக்குக் கிடைத்தது. சர்க்கரையைக் குறைப்பதில் மட்டுமே முனைந்திருந்த சிகிச்சைக்கு இதைவிடப் பெரிய திருத்தம் வேறில்லை என்பது என் துணிபு.

ஆகவே, விரதத்துக்கு முன் மாத்திரையைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். அளவு 70-க்குக் கீழே இறங்கினால், நினைவு தெளிவாயிருக்கும்போதே 15 கிராம் குளுகோஸ் உட்கொண்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.