டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

1924ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி, டாக்காப் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் ஒருவர் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். உடன் வைத்த கட்டுரை தகுதியுடையதாயின் ஜேர்மன் மொழியில் வெளிவர உதவவேண்டும் என்பதே வேண்டுகோள். எழுதியவர் சத்தியேந்திரநாத் போஸ், வயது முப்பது, கலாநிதிப் பட்டம் இல்லாதவர். ஐன்ஸ்டைன் தாமே அதனை மொழிபெயர்த்து அவ்வாண்டிலேயே வெளியிடச் செய்தார்.

அக்கட்டுரை பெரும் ஆய்வுகூடம் எதிலும் பிறந்ததன்று. சூடான பொருள்கள் வீசும் கதிர்களைப் பற்றி 1900இல் பிளாங்க் கண்ட விதியை மாணவருக்கு விளக்கப் புகுந்தபோது, நூல்கள் காட்டிய நிறுவல் போசின் மனத்தை உறுத்தியது. ஒளிச்சக்தி சொட்டுச் சொட்டாக வருகின்றது என்று கூறும் அந்நிறுவலே, ஒளியை அலையாகக் கொண்ட பழைய கொள்கையிடமும் கடன் வாங்கியிருந்தது. இம்முரண்பாட்டை மறைத்துப் பாடத்தை முடித்துவிடுவோர் நம்மிடையே பலர். போஸ் கடனின்றியே கணக்கை முடித்தார்.

எப்படி? இரு நாணயங்களைச் சுண்டினால் நால்வகை முடிவு உண்டு. ஒன்று தலை, மற்றது பூ என்பது இருமுறை வரும். ஆனால் ஒளிச்சொட்டுகளுக்குத் தனி அடையாளம் இல்லை. எது முதலாவது, எது இரண்டாவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாததால், முடிவுகள் மூன்றே. மூன்றும் சம வாய்ப்புடையன. இந்த எண்ணும் முறையிலிருந்து பிளாங்கின் விதி தானாகவே வந்து நின்றது. இம்முறைக்கு அடங்கும் துணிக்கைகளுக்கு டிராக் 'போசன்' எனப் பெயரிட்டார். ஐன்ஸ்டைன் அதனை அணுக்களுக்கும் விரித்து எதிர்பார்த்த விந்தைச் செறிவு, போஸ் மறைந்து 21 ஆண்டுகளின் பின், 1995இல் கொலராடோவிற் கைகூடியது. அதனை ஆக்கியோருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. போசுக்குக் கிடைக்கவில்லையே என்ற புலம்பல் இன்றும் ஓயவில்லை. அவருடைய மற்றொரு உழைப்பைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு.

ஐரோப்பாவில் ஈராண்டு கழித்து 1926இல் டாக்கா திரும்பியவர், பட்டமின்றியே பேராசிரியரானார். பின்னர் கல்கத்தா சென்றார். 1948இல் அங்கு வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்காளியில் விஞ்ஞான இதழொன்றைத் தொடக்கினார். கலைச்சொல் இல்லை, நூல் இல்லை, உயர்கல்வி ஆங்கிலத்திலேயே இயலும் என்ற வாதங்கள் நமக்கும் பழக்கமானவையே. வழங்கிவரும் பிறமொழிச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டேனும் கற்பிக்கத் தொடங்குங்கள் என்பது அவர் நிலை. 1962இல் யப்பான் சென்றபோது, அந்நாட்டு விஞ்ஞானிகள் கடினமான பொருள்களையும் தம் மொழியிலேயே விவாதிக்கக் கண்டு, அதனைத் தம் நாட்டவரிடம் வந்து சொன்னார்.

அவரது புகழ்பெற்ற கட்டுரையோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஜேர்மனில் அச்சேறியது. 1924இல் அதனை வங்காளியில் எழுதியிருந்தால், ஏற்று வெளியிட ஓர் ஆய்விதழ் இருந்திராது.